மெல்லிய தகட்டில் சி.எஸ்.கே. ஸ்குரூ: தலை மட்டமாக உட்கார

ஹார்டுவேர் கடையில் ‘எம்4 சி.எஸ்.கே. இருபது கொடுங்க’ என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள். கிரிக்கெட் அணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கவுன்டர்சிங்க் என்பதைத்தான் பட்டறை அப்படிச் சுருக்கிவிட்டது. எம்4 என்றால் 4 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் மரை. தலையின் அடிப்பக்கம் கூம்பாக இருக்கும் ஸ்குரூ இது. தகட்டில் அதே கூம்புக்கு ஒரு குழிவு வெட்டினால் தலை உள்ளே இறங்கி மேற்பரப்போடு மட்டமாக நிற்கும். கை தடவினால் தட்டாது, துணி மாட்டாது, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மரத்திலும் 5 மி.மீ. பட்டையிலும் இது ஐந்து நிமிட வேலை. மின்சாதனப் பெட்டியின் மூடி, ஆம்ப்ளிஃபயரின் முன்பலகை, அலமாரிக் கதவின் தகடு என்று 1, 1.5 மி.மீ. தகட்டுக்கு வரும்போதுதான் சிக்கல். ஓட்டை முக்கோணமாகிறது, குழிவு எட்டுப்பட்டை போடுகிறது, இறுக்கும்போது தலை தகட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. இதில் பாதிக்கு மேல் கைத்திறன் குறைவால் வருவதில்லை. அந்தத் தகட்டுக்கு அந்த ஸ்குரூ பொருந்தவே பொருந்தாது என்பது டிரில்லைத் தொடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தொடக்கம் கணக்கில்.

எந்தத் தகட்டுக்கு எந்த ஸ்குரூ

மெட்ரிக் சி.எஸ்.கே. ஸ்குரூவின் கூம்புக் கோணம் 90 பாகை. இது நமக்கு ஒரு வசதி. ஒவ்வொரு பக்கமும் 45 பாகையில் சரிவதால் குழிவு எவ்வளவு அகலமாகிறதோ அதில் சரிபாதி ஆழமாகிறது. தலையின் விட்டத்திலிருந்து ஓட்டையின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் குழிவின் ஆழம் வந்துவிடும்.

எம்3 ஸ்குரூவின் தலை 5.6 மி.மீ., ஓட்டை 3.2 மி.மீ. என்று வையுங்கள். வித்தியாசம் 2.4, பாதி 1.2. குழிவு மட்டுமே 1.2 மி.மீ. ஆழம் கேட்கிறது. 18 கேஜ் தகட்டின் மொத்தத் தடிமனே 1.2 மி.மீ.தான்! அதில் எம்3 போட்டால் கூம்பு அடிப்பரப்பைத் தொட்டுவிடும். ஓட்டையைச் சுற்றி உலோகம் கத்தி முனைபோல் மெலிந்துவிடும். அந்த முனை இறுக்கத்தைத் தாங்காது. வெட்டும்போதே கிழியும், அல்லது மாட்டிய பிறகு விரிந்து ஸ்குரூ தளரும்.

குழிவின் ஆழம் தகட்டுத் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. மிச்சமிருக்கும் ஒரு பங்கு நேரான சுவராக நின்று ஓட்டையின் வடிவத்தைக் காக்கும். அந்த அளவைப் பிடித்தால் கணக்கு இப்படி வரும்:

எம்2 (தலை 3.8, ஓட்டை 2.2): குழிவு 0.8, தகடு 1.2 மி.மீ. வேண்டும்.
எம்2.5 (தலை 4.7, ஓட்டை 2.7): குழிவு 1.0, தகடு 1.5 மி.மீ.
எம்3 (தலை 5.6, ஓட்டை 3.2): குழிவு 1.2, தகடு 1.8, அதாவது கடையில் கிடைக்கும் 2 மி.மீ.
எம்4 (தலை 7.5, ஓட்டை 4.3): குழிவு 1.6, தகடு 2.4, அதாவது 2.5 அல்லது 3 மி.மீ.
எம்5 (தலை 9.2, ஓட்டை 5.3): குழிவு ஏறக்குறைய 2, தகடு 3 மி.மீ.

பாரம் தாங்காத மூடிகளில் கொஞ்சம் தளர்த்தலாம். 16 கேஜ் தகட்டில், அதாவது 1.6 மி.மீ.யில், எம்3 போட்டால் 0.4 மி.மீ. சுவர் மிஞ்சும், ஒரு பெட்டி மூடிக்கு அது போதும். 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் வெட்டும் யோசனையையே விட்டுவிட்டு, கீழே ‘தகடு போதாதபோது’ என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

இந்தப் பட்டியலை நம்பி அப்படியே வெட்டிவிடவும் கூடாது. எம்4 சி.எஸ்.கே. என்று கேட்டால் உங்கள் கைக்கு வருவது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பழைய டி.ஐ.என். (ஜெர்மன் தரநிலை) 965 அளவில் செய்த பிலிப்ஸ் ஸ்குரூவுக்குத் தலை 7.5 மி.மீ.; ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரநிலை) 7046 அளவில் செய்ததற்கு 8.4 வரை போகும், டி.ஐ.என். 7991 ஆலன் ஸ்குரூவுக்கு (தலையில் அறுகோணக் குழி உள்ளது) 8. பெயர் ஒன்று, தலை மூன்று. 7.5க்கு வெட்டிய குழியில் 8.4 தலையை வைத்தால் கிட்டத்தட்ட அரை மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே முதலில் ஸ்குரூவை வாங்குங்கள். பையிலிருந்து நாலைந்தை எடுத்துத் தலையை வெர்னியர் அளவுகோலில் அளந்து, பெரியதை உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை அதே பையிலிருந்தே எடுங்கள்.

கோணத்தையும் கவனிக்க வேண்டும். அங்குல அளவு ஸ்குரூக்களுக்கு அமெரிக்க வழக்கில் 82 பாகை, விமான வேலையில் 100 பாகை. இணையத்தில் மலிவாக வரும் கவுன்டர்சிங்க் பிட்டுகளில், குறிப்பாக மர வேலைக்கானவற்றில், 82 பாகை நிறைய உண்டு. அதில் வெட்டிய குழியில் 90 பாகைத் தலை மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடாகத் தொட்டு நிற்கும். பார்வைக்குச் சரியாக இருக்கும், சில நாளில் அந்தக் கோடு அமுங்கி ஸ்குரூ லூசாகிவிடும்.

கருவிகள்

ஓட்டை விழும் இடத்தைத் தட்டிக் குறிக்கும் சென்டர் பஞ்ச், ஓட்டைக்கான டிரில் பிட், 90 பாகை கவுன்டர்சிங்க், வெர்னியர், சி கிளாம்ப் இரண்டு, அடியில் வைக்க ஒரு எம்.டி.எஃப். அல்லது பிளைவுட் துண்டு. இவ்வளவு போதும். பெஞ்ச் டிரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வேகத்தைக் குறைக்க முடிகிற பேட்டரி டிரில்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் கவுன்டர்சிங்க் பிட்டில் செலவழியுங்கள். ஐந்தாறு பற்கள் கொண்ட மலிவுப் பிட் மரத்துக்குச் சரி, தகட்டுக்கு எதிரி. எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் தொடும்போது மெல்லிய தகடு ஸ்பிரிங்போலத் துள்ளும். பற்கள் ஒரே இடைவெளியில் இருப்பதால் அந்தத் துள்ளல் ஒரு தாளத்தில் சேர்ந்து வளரும். அதன் தழும்புதான் குழிவின் பல பட்டைகள். உலோகத்துக்கென்று வரும் மூன்று பல் பிட் பெஞ்ச் டிரில்லில் நன்றாக வெட்டும். கையில் பிடித்து வெட்டுவதற்கும் ஒரு மி.மீ. தகட்டுக்கும் வேறொன்று உண்டு: கூம்பின் ஊடே சாய்வாக ஒரு ஓட்டை போட்டது, அந்த ஓட்டையின் விளிம்பே ஒற்றைப் பல்லாக வெட்டும். கூம்பின் மற்ற பரப்பெல்லாம் குழிவில் சாய்ந்து தாங்குவதால் அது துள்ளுவதே இல்லை. வெட்டு மெதுவாக நடக்கும், ஆனால் கண்ணாடிபோல் வழவழப்பாக வரும். முதன்முதலில் வாங்குபவர் இதை வாங்குவதே நல்லது.

பெரிய டிரில் பிட்டையே வைத்துக் குழிவு எடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 பாகை. குழிவு தலையைவிடத் தட்டையாக வருவதால், தலை அடியில் ஓட்டையின் விளிம்பை மட்டும் தொட்டு, மேலே சுற்றிலும் இடைவெளி விட்டு நிற்கும். போதாக்குறைக்கு, அந்தப் பிட் மெல்லிய தகட்டைக் கொத்திப் பிடித்து ஒரே இழுவையில் உள்ளே போய்விடும். மறுபக்கப் பிசிறை எடுக்க அதைக் கையால் திருகிப் பயன்படுத்தலாம். அதோடு சரி.

வட்டமான ஓட்டை

ஓட்டை வட்டமாக இல்லாவிட்டால் குழிவும் வட்டமாக வராது. கவுன்டர்சிங்க் அந்த ஓட்டையைப் பிடித்துத்தான் மையம் காண்கிறது.

118 பாகை பிட்டின் கூம்பு முனை, பிட் விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு உயரம். 4.3 மி.மீ. பிட்டுக்கு 1.3 மி.மீ. வருகிறது. தகடு 1.2 மி.மீ. என்றால், பிட்டின் முழு அகலமும் உலோகத்துக்குள் இறங்கும் முன்பே முனை மறுபக்கம் வெளியேறிவிடும். அதுவரை நடுவில் ஊன்றி நின்ற முனைக்கு இப்போது பிடி இல்லை. இரண்டு வெட்டு விளிம்புகளும் மாறி மாறித் தள்ள, பிட் அலைந்து மூன்று மூலை ஓட்டை போடுகிறது. அதே கணத்தில் திருகுப் பள்ளம் தகட்டைக் கவ்வி மேலே தூக்குகிறது. கையில் பிடித்திருந்தால் அந்தத் தகடு காற்றாடி இறக்கைபோலச் சுழலும். தகட்டைக் கையால் பிடித்து ஓட்டை போடவே கூடாது. கையுறை மாட்டிக்கொண்டு டிரில் பக்கம் போகவும் கூடாது. சுழலும் பிட் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

தகட்டுக்கு அடியில் எம்.டி.எஃப். துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்குங்கள். முனை தகட்டைத் தாண்டியதும் மரத்தில் ஊன்றிக்கொள்ளும், அலையாது. மேலேயும் ஒரு மெல்லிய பிளைவுட் வைத்துத் தகட்டை நடுவில் அமுக்கிவிட்டால் மேல் பிசிறும் அடங்கும். 135 பாகை முனையுள்ள பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. முனை தட்டையாக இருப்பதால் பிரச்சினை ஓரளவு குறைகிறது. படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில்லும் மெல்லிய தகட்டுக்கென்றே பிறந்ததுதான், வட்டமாக வெட்டும். ஆனால் அதன் படிகள் பெரும்பாலும் 4, 5, 6 என்றோ 4, 6, 8 என்றோ இருக்கும், 3.2, 4.3 கிடைக்காது. 4 மி.மீ. படி வரை போய்விட்டு 4.3 பிட்டால் முடிக்கலாம்.

பழைய தகட்டுக்காரர்களின் வித்தை ஒன்று: பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து, பஞ்ச் குறிக்கு மேல் வைத்து, அதன் வழியாகவே பிட்டை இறக்குவது. துணி பிட்டின் விளிம்புக்கும் ஓட்டைக்கும் நடுவே திணிந்துகொண்டு அலைவதைத் தடுக்கும். ஓட்டை ஆச்சரியப்படும்படி வட்டமாக வரும். துணி இரண்டு அங்குலச் சதுரத்துக்கு மேல் இருக்க வேண்டாம், விரல் அதன்மேல் இருக்கக் கூடாது, வேகம் குறைவாக இருக்கட்டும்.

வேகம்: எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) பிட்டில் 4.3 மி.மீ. ஓட்டைக்கு இரும்புத் தகட்டில் நிமிடத்துக்கு 1,800 சுற்று வரை போகலாம். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 800. அலுமினியம் இருக்கிற வேகத்தைத் தாங்கும்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு சரிசெய்ய முடியாது. சாதாரணத் தலை ஸ்குரூவில் ஓட்டை கால் மி.மீ. விலகினாலும் வாஷர் மறைத்துவிடும். கூம்புத் தலை மறைக்காது. அது குழிவின் மையத்தைத் தேடிப் போகும். அடிச்சட்டத்தின் மரை வேறிடத்தில் இருந்தால் தலை சாய்ந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே மூடியையும் சட்டத்தையும் தனித்தனியாக அளந்து ஓட்டை போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, டேப் போடும் (மரை வெட்டும்) அளவில், அதாவது எம்3க்கு 2.5, எம்4க்கு 3.3 மி.மீ. பிட்டால் ஒரே இறக்காக இரண்டையும் துளையுங்கள். பிறகு பிரித்து, சட்டத்தில் மரை போடுங்கள். மூடியின் ஓட்டையை மட்டும் 3.2 அல்லது 4.3க்கு விரியுங்கள். முதல் ஓட்டை முடிந்ததும் அதில் ஒரு ஸ்குரூவோ ஆணியோ செருகிவிட்டு அடுத்ததைப் போட்டால் தகடு நகராது.

குழிவு வெட்டுதல்

பின்பக்கப் பிசிறை முதலில் எடுத்துவிடுங்கள். பிசிறோடு தகட்டைப் படுக்க வைத்தால் ஓட்டையைச் சுற்றித் தகடு தூக்கி நிற்கும், அழுத்தும்போது வளையும். எடுப்பதும் அளவோடு: பெரிய பிட்டைக் கையில் பிடித்து இரண்டு திருகு, அவ்வளவே. அதற்கு மேல் திருகினால், கஷ்டப்பட்டு மிச்சம் வைத்த சுவரைப் பின்பக்கத்திலிருந்து நீங்களே தின்றுவிடுவீர்கள்.

அதே தடிமன், அதே உலோகத்தில் ஒரு கழிவுத் துண்டை எடுத்து அதே பிட்டால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதல் வெட்டு எப்போதும் இதில்தான்.

கவுன்டர்சிங்கின் வேகம் டிரில் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். 8 மி.மீ. குழிவுக்கு இரும்பில் நிமிடத்துக்கு 300 சுற்று, ஸ்டெயின்லெஸ்ஸில் 200, அலுமினியத்தில் 800 வரை. பேட்டரி டிரில்லின் 1ஆம் கியர் இதற்குப் பொருத்தம். சிறிய பெஞ்ச் டிரில்கள் பலவற்றில் மிகக் குறைந்த வேகமே 500ஐ ஒட்டி இருக்கும். அப்படியானால் பெல்ட்டைக் கடைசிப் படிக்கு மாற்றி, எண்ணெய் தாராளமாக விட்டு, கைப்பிடியை உறுதியாக அழுத்துங்கள். ‘மெதுவாகச் சுற்று, தைரியமாக அழுத்து’ என்பதற்கு நேர்மாறாகத்தான் புதிதாகச் செய்பவர் கை போகும்: வேகமாகச் சுற்றவிட்டு, பயந்து பயந்து தொடுவார்கள். அப்போது பல் வெட்டாமல் தேய்க்கிறது, கீச்சென்று சத்தம் வருகிறது, பட்டைகள் விழுகின்றன. வெட்டு சரியாக நடக்கும்போது சத்தமே இருக்காது. இழைபோல நீளச் சுருள் வரும்.

தகட்டின் அடியில் குழிவுக்கு நேர் கீழே காலியிடம் இருக்கக் கூடாது. ஓட்டை போட்ட எம்.டி.எஃப்.பையே மறுபடி பயன்படுத்தினால் பிட்டின் நுனி இறங்க வழி தயாராக இருக்கும். கிளாம்ப் ஓட்டையிலிருந்து 3 செ.மீ.க்குள் இருக்கட்டும், தள்ளிப் பிடித்தால் நடுவில் தகடு துள்ளும்.

ஆழத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்த முடியாது. பெஞ்ச் டிரில்லில் ஆழ நட்டு இருக்கும். கழிவுத் துண்டில் தொட்டுத் தொட்டு வெட்டி, ஸ்குரூவை வைத்துப் பார்த்து, சரியான இடம் வந்ததும் நட்டைப் பூட்டுங்கள். வெர்னியரில் குழிவின் விட்டத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. ஆழம் 0.1 மி.மீ. மாறினால் விட்டம் 0.2 மாறும், பிழை இரட்டிப்பாகத் தெரிவதால் அளப்பது எளிது. தலையின் அளந்த விட்டத்தோடு 0.2 சேர்த்து வெட்டினால் தலை 0.1 மி.மீ. உள்ளே இறங்கி நிற்கும். அதுவே நல்ல முடிவு. வெர்னியர் இல்லாத இடத்தில் ஸ்குரூவைத் தலைகீழாகக் குழிவின்மேல் கவிழ்த்து வையுங்கள். தலையைச் சுற்றி மயிரிழை அளவு பளபளப்பான வளையம் தெரிந்தால் போதும்.

கையில் பிடிக்கும் டிரில்லானால் கடைசி அரைச் சுற்றை மோட்டாருக்கு விடாதீர்கள். கொஞ்சம் குறைவாக நிறுத்திவிட்டு, பிட்டை ஒரு கைப்பிடியில் மாட்டிக் கையாலேயே திருகி முடியுங்கள். அலுமினியத்தில் எம்2, எம்2.5 என்றால் முழுக் குழிவையும் கையாலேயே எடுத்துவிடலாம், மோட்டாரே வேண்டாம். விமானத் தகட்டு வேலைக்கென்று மைக்ரோஸ்டாப் என்ற கூண்டு ஒன்று உண்டு. 0.025 மி.மீ. படிகளில் ஆழத்தைப் பூட்டும், கையில் பிடித்தே நூறு குழிவை ஒரே ஆழத்தில் போடலாம். நாலு ஸ்குரூ மூடிக்கு அது தேவையில்லை. ஒரே அளவில் ஐம்பது பலகை செய்பவர் வாங்கலாம்.

அலுமினியத்தில் சுருள் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிட் வெட்டாது, கீறும். மண்ணெண்ணெய் கிடைத்தால் இரண்டு சொட்டு, இல்லையென்றால் டபிள்யூ.டி.40; ஒவ்வொரு ஓட்டைக்கும் பல்லைத் துடையுங்கள். ஸ்டெயின்லெஸ் வேறு ரகம். பல் வெட்டாமல் ஒரே இடத்தில் தேய்ந்தால் அந்தப் பரப்பு இறுகிக் கடினமாகிவிடும், அப்புறம் எந்தப் பிட்டும் ஏறாது. கூர்மையான பிட், கட்டிங் ஆயில், ஆரம்பித்தால் நிறுத்தாத அழுத்தம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கிற வழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். ஜி.ஐ. தகட்டில் வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும்; துத்தநாகப் பெயின்ட் ஒரு தொடு தொட்டுவிடுங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் தலையைச் சுற்றிச் செம்மண் வளையம் பூக்கும்.

பவுடர் கோட்டிங் போடப் போகிறீர்களா? குழிவெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கோட்டிங் தடிமனுக்காக ஆழத்தைக் கூட்டவேண்டும் என்று பலர் 0.2, 0.3 கூடுதலாக வெட்டுகிறார்கள். கணக்குப் பார்த்தால் வேண்டியதில்லை. 80 மைக்ரான் பூச்சு சரிவில் தலையை 0.11 மி.மீ. உயர்த்தும், அதே பூச்சு மேற்பரப்பையும் 0.08 உயர்த்திவிடும். மிஞ்சும் வித்தியாசம் 0.03, விரலுக்குத் தெரியாது.

தகடு போதாதபோது

20 கேஜ் தகடு, 0.9 மி.மீ.; எம்4தான் வேண்டும். வெட்ட இடமில்லை. இங்கே உலோகத்தை நீக்காமல் அழுத்திக் குழிய வைப்பதே முறை. தகடு முழுத் தடிமனோடு கூம்பாக வளைந்து இறங்கும், தலை அதில் உட்காரும். வெட்டிய குழிவைவிட இது பலமானதும்கூட.

இதற்கு ஒரு அச்சும் ஒரு பஞ்சும் வேண்டும். அச்சு 12 மி.மீ. இரும்புப் பட்டையில்: 5.5 மி.மீ. ஓட்டை, அதன்மேல் 90 பாகை குழிவு. குழிவின் விட்டம் தலையின் விட்டத்தோடு தகட்டுத் தடிமனில் 0.8 பங்கைக் கூட்டியது, 7.5ம் 0.7ம் சேர்த்து 8.2 மி.மீ. தகட்டின் கீழ்ப்பரப்பு மேல்பரப்பைவிட அகலமான கூம்பாக இறங்குவதால்தான் இந்தக் கூடுதல். பஞ்சை லேத்தில் கடைய வேண்டும்: 3.2 மி.மீ. வழிகாட்டி நுனி, அதற்குமேல் 7.5 வரை விரியும் 90 பாகைக் கூம்பு, அதைச் சுற்றி 20 மி.மீ. அகலத்தில் தட்டையான தோள். அந்தத் தோள் இல்லாவிட்டால் குழியைச் சுற்றித் தகடு தட்டுபோல் அமுங்கிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அசிங்கமாகத் தெரியும்.

தகட்டில் 4.3 போடாதீர்கள். 3.3 போடுங்கள். அழுத்தும்போது ஓட்டை தானே விரிந்து 4.3ஐத் தாண்டி நிற்கும். விரிவதால் விளிம்பு இழுபடுகிறது, பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். இரு பக்கமும் பிசிறை எடுத்து, விளிம்பை மெல்லிய எமரித் தாளால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அழுத்துங்கள். பெஞ்ச் வைஸில் அச்சு, தகடு, பஞ்ச் மூன்றையும் வரிசையாக வைத்து, தோள் தகட்டைத் தொடும் வரை முடுக்கினால் போதும். சுத்தியலால் பல முறை தட்டினால் கூம்பு கோணலாகும். சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகடும் மென்மையான அலுமினியமும் இதற்கு இணங்கும். கடினமாக்கிய அலுமினியம் ஓட்டை விளிம்பில் வெடிக்க வாய்ப்பு அதிகம், முதலில் கழிவுத் துண்டில் பாருங்கள்.

லேத் வசதி இல்லையா? ஒரு எம்4 ஆலன் சி.எஸ்.கே. ஸ்குரூவே பஞ்ச். தகட்டில் 4.3 ஓட்டை, அடியில் அச்சு, அதற்கடியில் தடித்த வாஷரும் நட்டும். ஆலன் கீயால் இறுக்க இறுக்கத் தலை தகட்டை அச்சுக்குள் இழுத்துக்கொண்டு இறங்கும். ஆலன் தலை 8 மி.மீ. என்பதால் அச்சின் குழிவை 8.7க்கு வெட்டிக்கொள்ளுங்கள். இதில் ஓட்டை ஒரு மி.மீ. அளவுக்குக் கூடுதலாக விரியும், தலையைத் தாங்கும் வளையம் குறுகிவிடும். மூடிகளுக்குப் போதுமானது.

தகட்டின் கீழே வரும் சட்டத்திலும் அந்தக் கூம்பு இறங்க இடம் வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். சட்டத்தின் ஓட்டைக்கும் அச்சுக்குப் போட்ட அதே அளவு குழிவு வெட்ட வேண்டும். வெட்டாமல் இறுக்கினால் தகடு சட்டத்தில் படியாது, ஓரங்களில் வாய் பிளக்கும்.

மரச் சட்டத்தின்மேல் தகடு என்றால் இன்னொரு சுருக்கு வழி இருக்கிறது. தகட்டில் கூம்பு முழுதாக ஊடுருவட்டும், 0.9 தகட்டில் 7.5க்கு வெட்டினால் அடியில் 5.7 மி.மீ. ஓட்டை வரும். தலையின் கீழ்ப்பகுதி மரத்தில் இறங்கும். மரத்தில் 6.2, 6.5 என்று கொஞ்சம் தாராளமாகக் குழிவு எடுத்துவிடுங்கள். அங்கே கஞ்சத்தனம் பிடித்தால் தலை முதலில் மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்குரூ இறுகியிருக்கும், தகடு மட்டும் கடகடவென்று ஆடும்.

இதெல்லாம் இந்த வேலைக்கு அதிகம் என்று தோன்றினால் மட்டத் தலை என்ற ஆசையைக் கைவிடலாம். கிண்ண வாஷர் வைத்து அதே சி.எஸ்.கே. ஸ்குரூவைப் போட்டால் தகட்டில் வெறும் ஓட்டை போதும். பார்வைக்கும் அது குறையாகத் தெரியாது, வேண்டுமென்றே செய்ததுபோல்தான் இருக்கும்.

கெட்டுப்போனால்

பட்டை விழுந்த குழிவை அதே பிட்டால் மேலும் வெட்டினால் பட்டை ஆழமாகுமே தவிர மறையாது. பற்கள் பழைய பள்ளங்களிலேயே போய் விழும். பருத்தித் துணி ஒரு மடிப்பை ஓட்டையின்மேல் போட்டு, சாய்வு ஓட்டைப் பிட்டால் மிக மெதுவாக, முடிந்தால் கையால், அரை மி.மீ.யில் ஒரு பாதி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் தேறும். அதற்குத் தடிமன் மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே முதல் வெட்டை அளவுக்குக் கொஞ்சம் குறைவாக நிறுத்துவது புத்திசாலித்தனம்.

குழிவு ஆழமாகித் தலை அரை மி.மீ. கீழே போய்விட்டால், தலை பெரிதாக உள்ள ஸ்குரூ இருக்கிறதா பாருங்கள். மேலே சொன்ன 7.5, 8, 8.4 குழப்பம் இங்கே உதவிக்கு வரும்: அதே எம்4 மரை, பெரிய தலை. ஒரு மூடியில் ஒரு ஓட்டை கெட்டிருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கண் அந்த ஒன்றிலேயே போய் நிற்கும்.

தலை ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றால் குழிவைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்குரூவைக் கழற்றி, மூடியின் ஓட்டை வழியே சட்டத்து மரையைப் பாருங்கள். பிறைபோல ஒரு ஓரம் தெரியும். மூடியின் ஓட்டையை எம்4க்கு 4.3லிருந்து 4.5 ஆக்கினாலும் பயன் குறைவுதான், தலையைப் பிடித்து வைத்திருப்பது கூம்பு. சட்டத்தில் மரை போடுவதற்குப் பதில் ஓட்டையை 5க்கு விரித்துப் பின்னால் நட்டு போட்டுவிடுங்கள். நட்டு தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

இறுக்கும்போது கூம்பு ஆப்புபோல ஓட்டையை விரிக்கப் பார்க்கும். அலுமினியத்தில் எம்3க்கு மோட்டார் ஸ்குரூடிரைவர் வேண்டாம். கைப்பிடியை மூன்று விரலால் பிடித்து இறுக்கும் பலம் போதும். நான்கு மூலையும் பாதி இறுக்கி, தகடு படிந்ததைப் பார்த்த பிறகு எதிரெதிர் மூலையாக முடியுங்கள்.

முதல் வெட்டுக்குப் பயன்பட்ட கழிவுத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஸ்குரூ, தலை விட்டம் எவ்வளவு, எந்தப் பிட், பெல்ட் எந்தப் படியில், ஆழ நட்டு எந்தக் கோட்டில் என்று மார்க்கரால் அதன்மேலேயே எழுதி, டிரில்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.